இரைப்பை, குடல் லிம்போமா: எந்த ஸ்டெயினை எப்போது போடுவது, எப்படிப் படிப்பது

எண்டோஸ்கோப்பியில் கிள்ளி எடுத்த நான்கைந்து துணுக்குகள் ஒரு குப்பியில் வந்து சேரும். ஒவ்வொன்றும் 2, 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். ஹெச் அண்ட் இ (ஹீமாடாக்சிலின், ஈயோசின் என்ற வழக்கமான சாயங்கள்) ஸ்லைடைப் பார்த்தால், சுரப்பிகளை ஒதுக்கித் தள்ளிவிட்டு லிம்போசைட்டுகள் நீலமாக அடைத்துக்கொண்டிருக்கின்றன. இது வெறும் அழற்சியா, லிம்போமாவா (லிம்போசைட்டுகளில் வரும் புற்றுநோயா)? லிம்போமா என்றால் எந்த வகை? இந்த இடத்தில் புதிதாக வந்தவர் கை தானாகவே ஆன்டிபாடிப் பட்டியலுக்குப் போகும். (ஒவ்வொரு ஆன்டிபாடியும் ஒரு குறிப்பிட்ட புரதத்தைப் பிடிக்கும்; அது இருக்கும் செல் பழுப்பாகத் தெரியும்.) பதினைந்து பெயருக்கு நேரே டிக் விழும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பதினைந்து ஸ்லைடும் வந்தன, பிளாக்கில் (திசுவைப் பதித்த மெழுகுக் கட்டியில்) திசு தீர்ந்துபோனது, பதில் மட்டும் வரவில்லை.

ஆன்டிபாடி கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். அதனால் கேள்வியை ஹெச் அண்ட் இ ஸ்லைடிலேயே தயார் செய்துகொள்ள வேண்டும். பதில் வந்ததும், அதை நம்பலாமா என்று அதே ஸ்லைடில் இருக்கும் இயல்பான செல்களிடம் விசாரிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் சந்தேகச் செல்களைப் பார்ப்பது. இந்தப் பழக்கம் படிந்துவிட்டால் மீதியைப் புத்தகம் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

பிளாக்கைக் காப்பாற்றுங்கள்

10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலின், குறைந்தது 6 மணி நேரம். "துணுக்கு சின்னதுதானே, இரண்டு மணி நேரம் போதும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஃபார்மலின் உள்ளே நுழைவது சீக்கிரம் நடக்கும். புரதங்களைப் பிணைத்து நிறுத்துவது மெதுவாகத்தான் நடக்கும். அரைகுறையாக ஃபிக்ஸ் ஆன துணுக்கில் ஓரம் ஒரு மாதிரியும் நடு வேறு மாதிரியும் ஸ்டெயின் ஆகும். அதை வைத்துக்கொண்டு சதவீதம் எண்ண முடியாது.

செக்‌ஷன் 2 முதல் 3 மைக்ரான் இருக்கட்டும். 5 மைக்ரானில் வெட்டினால் லிம்போசைட்டுகளின் உட்கருக்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். எந்த நிறம் எந்தச் செல்லுடையது என்று தெரியாது.

முதல் முறை பிளாக்கை மைக்ரோடோமில் வைக்கும்போதே, சார்ஜ்டு ஸ்லைடுகளில் பத்துப் பன்னிரண்டு செக்‌ஷன்களைக் கூடுதலாக எடுத்து வைத்துவிடுங்கள். ஒவ்வொரு தடவை பிளாக்கைத் திரும்ப மாட்டும்போதும் முகத்தைச் சமன்படுத்தக் கொஞ்சம் சீவ வேண்டியிருக்கும். நான்கு தடவை மாட்டினால் துணுக்கில் பாதி அந்தச் சீவலிலேயே போய்விடும். சரி, எடுத்து வைத்த ஸ்லைடுகளை மாதக்கணக்கில் வைத்திருக்கலாமா? கூடாது. வெட்டி வைத்த செக்‌ஷனில் சில ஆன்டிஜென்கள் நாளாக நாளாக மங்கும். ஒரு வாரத்துக்குள் பயன்படுத்திவிடுவது நல்லது.

ஹெச் அண்ட் இ-யில் மூன்று கேள்விகள்

செல் சிறியதா, நடுத்தரமா, பெரியதா? எப்படிப் பரவியிருக்கிறது: முடிச்சு முடிச்சாகவா, ஒரே விரிப்பாகவா, எபிதீலியத்துக்குள் புகுந்தா? துணுக்கு எந்த இடத்திலிருந்து வந்தது?

மூன்றாவது கேள்வியைப் புதியவர்கள் அநேகமாக விட்டுவிடுவார்கள். ஆனால் இடம் சொல்லும் சேதி நிறைய. இரைப்பை என்றால் மால்ட் லிம்போமாவும் (சளிச்சவ்வு சார்ந்த லிம்பாய்டு திசுவில் எழும் சிறிய பி செல் வகை) பெரிய பி செல் லிம்போமாவும் முதலில் நினைவுக்கு வர வேண்டும். (பி செல், டி செல் இரண்டும் லிம்போசைட் வகைகள்.) டியோடினத்தின் இரண்டாம் பகுதியில் சின்னச் சின்ன வெள்ளை மணிகளாகத் தெரிந்தது என்று எண்டோஸ்கோப்பி அறிக்கை சொன்னால் ஃபாலிகுலர் லிம்போமா. பெருங்குடலில் ஏகப்பட்ட பாலிப்புகள் என்றால் மேன்டில் செல். குழந்தைக்குச் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் வேகமாக வளரும் கட்டி என்றால் பர்கிட். ஜெஜுனத்தில் புண்ணாகி ஓட்டை விழுந்து வந்தால் டி செல் வகைகளை யோசியுங்கள். இவை ஊகங்கள்தான், ஆனாலும் முதல் சுற்று ஆன்டிபாடிகளைத் தேர்ந்தெடுக்க இது போதும்.

இலியத்தின் கடைசிப் பகுதியில் மட்டும் கவனம். அங்கே பேயர் திட்டுகள் (லிம்போசைட் கூட்டங்கள்) இயல்பாகவே உண்டு. அடர்த்தியான லிம்போசைட்டுகளைப் பார்த்ததும் பதறத் தேவையில்லை.

கிள்ளும்போது நசுங்கிய ஓரங்களை இப்போதே மனதில் குறித்துக்கொள்ளுங்கள். நசுங்கிய செல் எந்த ஆன்டிபாடியையும் பிடித்துக்கொண்டு பழுப்பாக நிற்கும். அந்தப் பகுதியைப் படிக்கவே கூடாது.

இரைப்பைத் துணுக்கு என்றால் கூடவே ஜீம்சா ஸ்டெயின் ஒன்று. சுரப்பிகளின் மேல் சளியில் ஹெலிகோபேக்டர் பைலோரி நெளிநெளியாகத் தெரியும். இது ஒப்புக்குப் போடும் ஸ்டெயின் என்று நினைத்துவிடாதீர்கள். மால்ட் லிம்போமாவை 1983-ல் ஐசக்சனும் ரைட்டும் தனி வகையாக விவரித்தார்கள். பத்து ஆண்டு கழித்து, 1993-ல், வாதர்ஸ்பூனும் சகாக்களும் இரைப்பை மால்ட் லிம்போமா இருந்த 6 பேருக்கு அந்தக் கிருமியை ஒழிக்கும் மருந்தை மட்டும் கொடுத்தார்கள். 5 பேருக்கு மறு பயாப்ஸியில் லிம்போமாவைக் காணோம். ஆகவே ஜீம்சாவில் கிருமி இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து சிகிச்சையே மாறும்.

ஒரு ரன், படிப்படியாக

தானியங்கிக் கருவி இருந்தாலும் ஒரு தடவையாவது கையால் செய்து பாருங்கள். கருவி தவறும்போது எந்தக் கட்டத்தில் தவறியது என்று அப்போதுதான் பிடிபடும்.

1. ஸ்லைடுகளை 60 டிகிரியில் ஒரு மணி நேரம் உலர்த்துங்கள். அதற்குமேல் சூட்டை ஏற்ற வேண்டாம்.

2. சைலீனில் மெழுகைக் கரைத்து, ஆல்கஹால் வழியாகத் தண்ணீருக்கு வாருங்கள். மெழுகு மிச்சமிருந்தால் அந்த இடம் திட்டுத் திட்டாக வெள்ளையாக நிற்கும்.

3. ஆன்டிஜென் மீட்பு. ஃபார்மலின் போட்ட பிணைப்பைச் சூட்டால் தளர்த்தும் வேலை இது. பிஹெச் 6 சிட்ரேட் அல்லது பிஹெச் 9 ட்ரிஸ்-இடிடிஏ. லிம்போமா ஆன்டிபாடிகளில் பெரும்பாலானவற்றுக்கு, முக்கியமாக சைக்ளின் டி1, பிசிஎல்6 போல உட்கருவில் இருப்பவற்றுக்கு, பிஹெச் 9 நன்றாக வேலை செய்கிறது. தண்ணீர்த் தொட்டி என்றால் 95 முதல் 98 டிகிரியில் 20 நிமிடம். பிரஷர் குக்கர் என்றால் முழு அழுத்தம் வந்தபின் 2, 3 நிமிடம். முடிந்ததும் அப்படியே 20 நிமிடம் ஆற விடுங்கள். அவசரப்பட்டு வெளியே எடுத்தால் துணுக்கு மடங்கும், சில சமயம் கழன்று மிதக்கும்.

4. ஹைட்ரஜன் பெராக்சைடு 3 சதவீதம், 10 நிமிடம். குடலில் இந்தக் கட்டத்தை அசட்டையாகச் செய்யக் கூடாது. சளிச்சவ்வில் ஈயோசினோஃபில்கள் எக்கச்சக்கம். அவற்றிடம் சொந்தமாகவே பெராக்சிடேஸ் உண்டு. அதை அடக்காவிட்டால் ஆன்டிபாடி போடாமலே பழுப்பு வரும்.

5. முதல் ஆன்டிபாடி, அறை வெப்பத்தில் 30 முதல் 60 நிமிடம். எவ்வளவு நீர்க்க வேண்டும் என்பதை உங்கள் லேபிலேயே சோதித்து முடிவு செய்யுங்கள். தயாரிப்பாளர் தாளில் இருப்பது ஒரு தொடக்கப் புள்ளிதான்.

6. ட்வீன் கலந்த ட்ரிஸ் பஃபரில் கழுவி, ஹெச்ஆர்பி (ஒரு பெராக்சிடேஸ் நொதி) பாலிமர் 20 முதல் 30 நிமிடம். மறுபடி கழுவுதல்.

7. டிஏபி (அந்த நொதியால் பழுப்பாகும் சாயப்பொருள்) 5 முதல் 10 நிமிடம். பிறகு ஹீமாடாக்சிலின் லேசாக. அழுத்திப் போட்டால் உட்கருவில் இருக்கும் மெல்லிய பழுப்பு நீலத்துக்குள் மறைந்துவிடும்.

8. நீர் நீக்கி, தெளிவாக்கி, கவர்ஸ்லிப்.

நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் ஒருநாள் ஒரு பேட்ச் முழுக்க வெள்ளையாக வந்தது. கன்ட்ரோலாக (பாசிட்டிவ் வரும் என்று தெரிந்து கூடவே வைக்கும் திசுவாக) ஓட்டிய டான்சிலும் வெள்ளை. ஆன்டிபாடி கெட்டுவிட்டது என்று எல்லோரும் அதையே மாற்றிக்கொண்டிருந்தோம். கடைசியில் பார்த்தால், பூஞ்சை பிடிக்கக் கூடாதென்று யாரோ கழுவும் பஃபரில் சோடியம் அசைடு போட்டு வைத்திருக்கிறார்கள். அசைடு ஹெச்ஆர்பி-யை முடக்கும். அன்றிலிருந்து பாட்டிலின் லேபிளைப் படிக்காமல் நான் எதையும் ஊற்றுவதில்லை.

முதலில் சாட்சிகளை விசாரியுங்கள்

ஒவ்வொரு பேட்சிலும் டான்சில் கன்ட்ரோல் ஒன்று கட்டாயம். ஆனால் டான்சில் வேறு ஒருவருடைய திசு. அதை ஃபிக்ஸ் செய்த விதமும் வேறு. உங்கள் துணுக்கில் அந்த ஸ்டெயின் வேலை செய்ததா என்று சொல்லக்கூடியவை அந்தத் துணுக்கிலேயே இருக்கும் இயல்பான செல்கள்தான். இந்த விஷயத்தில் இரைப்பையும் குடலும் தாராளமானவை. பார்க்கத் தெரிந்தால் போதும்.

கேஐ-67 (பிரிந்து பெருகும் செல்களைக் காட்டுவது) போட்டால் முதலில் குடல் கிரிப்டுகளின் அடிப்பகுதியைப் பாருங்கள். இரைப்பை என்றால் சுரப்பியின் கழுத்துப் பகுதி. எபிதீலியம் ஓயாமல் புதுப்பிக்கப்படும் இடங்கள் அவை. அங்கே உட்கருக்கள் பளிச்சென்று பழுப்பாக இல்லையென்றால், லிம்போசைட்டுகளில் "2 சதவீதம்" என்று எழுத உங்களுக்கு உரிமை இல்லை.

சிடி10 போட்டால் சிறுகுடலில் விரல் நீட்சிகளின் விளிம்பில் மெல்லிய பழுப்புக் கோடு ஒன்று ஓடும். அது உறிஞ்சும் செல்களின் தூரிகை விளிம்பு. கோடு இருந்து லிம்போசைட்டுகள் வெறுமையாக இருந்தால் அது உண்மையான நெகட்டிவ். இரைப்பையில் அந்தக் கோடு இருக்காது. அங்கே நியூட்ரோஃபில்களைத் தேடுங்கள்.

சைக்ளின் டி1-க்கு இரத்தக்குழாய் உட்சுவர்ச் செல்களின் உட்கரு. பிசிஎல்2-க்கும் சிடி5-க்கும் அங்கங்கே திரியும் டி செல்கள். மம்1-க்குப் பிளாஸ்மா செல்கள். சிடி56-க்குத் துணுக்கில் சிக்கிய நரம்பு இழைகள். ஸாக்ஸ்11-க்கு மட்டும் டான்சிலும் உதவாது, குடலும் உதவாது. ஏற்கெனவே உறுதியான மேன்டில் செல் லிம்போமா பிளாக் ஒன்றைக் கன்ட்ரோலாக வைத்துக்கொள்ள வேண்டும்.

சிறிய செல்கள்: முதல் சுற்று

சிறிய செல்கள் என்றால் நான் கேட்கும் முதல் சுற்று இதுதான்: சிடி20, சிடி3, சிடி5, சிடி10, பிசிஎல்2, சைக்ளின் டி1, கேஐ-67. ஏழு ஸ்லைடு. மீதி வெட்டி வைத்தவை இரண்டாம் சுற்றுக்குக் காத்திருக்கட்டும்.

சிடி20-யும் சிடி3-யும் அருகருகே வைத்துப் பாருங்கள். சிடி20 பி செல்லைக் காட்டும், சிடி3 டி செல்லைக் காட்டும்; விரிப்பு எதனுடையது என்று தெரிந்துவிடும். பி செல் என்றால் அடுத்தது சிடி5, புதியவர்கள் வழுக்கி விழும் இடம். ஆரம்ப நாட்களில் ஒரு இரைப்பைத் துணுக்கில் சிடி5 ஏராளமாகப் பழுப்பாக இருப்பதைப் பார்த்து, மேன்டில் செல் என்று ஏறக்குறைய எழுதியேவிட்டேன். பக்கத்தில் இருந்த மூத்தவர் ஒன்றும் சொல்லாமல் சிடி3 ஸ்லைடை எடுத்து, அதே சுரப்பி, அதே மூலை தெரியும்படி வைத்தார். இரண்டு ஸ்லைடிலும் ஒரே புள்ளிகள், ஒரே எண்ணிக்கை. நான் பார்த்தது முழுக்க ஊடுருவி வந்த டி செல்கள். பி செல் சிடி5-ஐ வைத்திருந்தால் படம் வேறு மாதிரி இருக்கும்: அடர்பழுப்பில் சிதறிய டி செல்கள், அவற்றுக்கு நடுவே வெளிர்பழுப்பில் ஒரு பெரிய விரிப்பு. சிடி3-ல் அந்த வெளிர் விரிப்பு காணாமல் போகும். சிடி5-ஐச் சிடி3 இல்லாமல் தனியாகப் படிக்கவே படிக்காதீர்கள்.

சிடி5 பாசிட்டிவ், சைக்ளின் டி1 உட்கருவில் பாசிட்டிவ்: மேன்டில் செல். சைட்டோபிளாசத்தில் வரும் பழுப்பைக் கணக்கில் எடுக்க வேண்டாம். சைக்ளின் டி1 நெகட்டிவாக இருந்தும் உருவம் மேன்டில் போலவே இருந்தால் ஸாக்ஸ்11. கேஐ-67 சதவீதத்தை இங்கே மறக்காமல் எழுதுங்கள். 30-ஐத் தாண்டினால் நோய் வேகமாகப் போகும் என்று மருத்துவர் எடுத்துக்கொள்வார். சிடி5 இருந்து சைக்ளின் டி1-உம் ஸாக்ஸ்11-உம் இல்லையென்றால் சிடி23, லெஃப்1 போட்டு நாட்பட்ட லிம்போசைட்டிக் லுகேமியா குடலுக்கு வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சிடி10 பாசிட்டிவ், முடிச்சு முடிச்சாக இருக்கிறது என்றால் ஃபாலிகுலர் பக்கம் போகிறோம். இப்போதுதான் பிசிஎல்2-க்கு வேலை. பிசிஎல்2 இயல்பான டி செல்களிலும் மேன்டில் வளையத்திலும் மார்ஜினல் செல்களிலும் எப்போதும் பாசிட்டிவ்தான். ஸ்லைடு முழுக்கப் பழுப்பு என்பதால் லிம்போமா ஆகிவிடாது. ஒரே ஒரு இடத்தில்தான் அதற்கு அர்த்தம் உண்டு: ஜெர்மினல் சென்டருக்குள் (லிம்பாய்டு முடிச்சின் நடுவே பி செல்கள் பெருகும் இடத்தில்) இருக்கும் பி செல்கள். இயல்பான சென்டரில் பிசிஎல்2 இருக்காது, நடுவில் வெள்ளை வட்டமாகத் தெரியும். சிடி10 பழுப்பாக இருக்கும் அதே வட்டம் பிசிஎல்2-லும் பழுப்பாக இருந்தால் ஃபாலிகுலர் லிம்போமா. டியோடின வகையில் சிடி21 போட்டுப் பாருங்கள், அழகாக இருக்கும்: டென்ட்ரிடிக் செல் வலை முடிச்சின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு மோதிரம் போல நிற்கும். இந்த வகை அந்த இடத்தை விட்டு நகராமல் வருடக்கணக்கில் கிடப்பது வழக்கம். அதனால் அறிக்கையில் "டியோடின வகை" என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டும். வெறும் ஃபாலிகுலர் லிம்போமா என்று எழுதினால் தேவையில்லாத கீமோவுக்கு அது வழி திறந்துவிடும்.

சிடி5, சிடி10, சைக்ளின் டி1 மூன்றும் நெகட்டிவ் என்றால் மிஞ்சுவது பெரும்பாலும் மால்ட். மால்டுக்கென்று எல்லா லேபிலும் கைவசம் இருக்கிற தனி அடையாள ஸ்டெயின் கிடையாது; மற்றவற்றைத் தள்ளித் தள்ளித்தான் வந்து சேர வேண்டும். உதவிக்கு இரண்டு இருக்கின்றன. ஒன்று கெரட்டின் (எபிதீலியச் செல்களின் புரதம்). லிம்போசைட்டுகள் சுரப்பிக்குள் புகுந்து அதை உடைத்திருப்பது ஹெச் அண்ட் இ-யில் சந்தேகமாக இருந்தால், கெரட்டினில் உடைந்த பழுப்பு வளையங்களாகத் துல்லியமாகத் தெரியும். இன்னொன்று சிடி43. பி செல் விரிப்பு அதையும் சேர்த்து வெளிப்படுத்தினால் லிம்போமா பக்கம் எடை கூடும். பாதிக்குப் பாதி மால்டில் அது வராது, வராததால் எதுவும் கெட்டுப்போகாது. பிளாஸ்மா செல்கள் நிறைய இருந்தால் கப்பா, லாம்டா (இம்யூனோகுளோபுலினின் இரு லேசான சங்கிலிகள்). இவை சாதாரண முறையில் சீரம் பின்னணியால் அழுக்காக வரும்; இன் சிட்டு ஹைப்ரிடைசேஷன் (திசுவிலேயே ஆர்என்ஏ-வைத் தேடும் முறை) வசதி இருந்தால் அதிலேயே போடுங்கள்.

பெரிய செல்கள்

இங்கே முதல் கேள்வியே வேறு: இது லிம்போமாதானா? ஒட்டாமல் சிதறிய கார்சினோமாவும் மெலனோமாவும் அச்சு அசலாக இப்படியே இருக்கும். சிடி20, சிடி3, கெரட்டின், எஸ்100 நான்கையும் முதலில் அனுப்புங்கள்.

சிடி20 விரிப்பாகப் பாசிட்டிவ் என்றால் பெரிய பி செல் லிம்போமா. அதன் தோற்றத்தைப் பிரிக்க 2004-ல் ஹான்ஸும் சகாக்களும் தந்த மூன்று ஆன்டிபாடி வழி இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. வெட்டுப்புள்ளி மூன்றுக்கும் 30 சதவீதம். சிடி10 பாசிட்டிவ் என்றால் ஜெர்மினல் சென்டர் வகை, அங்கேயே நிறுத்தலாம். சிடி10 நெகட்டிவ், பிசிஎல்6-உம் நெகட்டிவ் என்றால் மற்ற வகை. சிடி10 நெகட்டிவாக இருந்து பிசிஎல்6 பாசிட்டிவ் என்றால் தீர்ப்பை மம்1 சொல்லும்: மம்1 இருந்தால் மற்ற வகை, இல்லாவிட்டால் ஜெர்மினல் சென்டர் வகை. கூடவே மிக் 40 சதவீதத்தைத் தொட்டும் பிசிஎல்2 50-ஐத் தாண்டியும் இருந்தால் இரட்டை வெளிப்பாடு என்று எழுதி, ஃபிஷ் (ஜீன் இடம் மாறியிருக்கிறதா என்று பார்க்கும்) பரிசோதனைக்குப் பரிந்துரையுங்கள். மிக் ஸ்டெயின் அதிகம் என்பதால் மட்டும் மிக் ஜீன் இடம் மாறியிருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

செல்கள் நடுத்தர அளவில், ஒரே அச்சில் வார்த்தது போல, இடையிடையே வெள்ளைப் பொத்தல்களாக மேக்ரோஃபேஜ்கள். சிடி10 பாசிட்டிவ், பிசிஎல்2 நெகட்டிவ் அல்லது மிக மங்கல், கேஐ-67 கிட்டத்தட்ட 100. இது பர்கிட். டிடிடி (முதிராத லிம்போசைட்டுகளைக் காட்டுவது) போட்டு லிம்போபிளாஸ்டிக் இல்லை என்று உறுதி செய்துவிட்டு, அறிக்கைக்குக் காத்திருக்காமல் மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். இந்தக் கட்டியில் ஒருநாள் தாமதம்கூடப் பெரிய விஷயம்.

டி செல், என்கே செல்

அரிது, ஆனால் தவறினால் விலை அதிகம். சிடி3 விரிப்பு தெரிந்தால் இரண்டாம் சுற்று: சிடி4, சிடி8, சிடி5, சிடி30, சிடி56, கிரான்சைம் பி, எபர் (எப்ஸ்டீன்-பார் வைரஸின் ஆர்என்ஏ).

சிலியாக் நோயுடன் வரும் வகையில் செல்கள் பல அளவில் இருக்கும், சிடி30 அடிக்கடி பாசிட்டிவ், சிடி5-உம் சிடி56-உம் இருக்காது. அதோடு தொடர்பில்லாத, ஒரே மாதிரிச் செல்கள் எபிதீலியத்தில் ஏறி நிற்கும் வகையில் சிடி8-உம் சிடி56-உம் பாசிட்டிவ். சிடி56 இருந்து எபரும் உட்கருவில் பாசிட்டிவ் என்றால் என்கே/டி வகை.

எபர் ஆர்என்ஏ-வைத் தேடும் முறை. திசுவில் ஆர்என்ஏ அழிந்திருந்தால் எல்லாமே நெகட்டிவாகத்தான் வரும். கூடவே ஆர்என்ஏ கன்ட்ரோல் புரோப் ஓடி, செல்கள் நன்றாக நிறமேறியிருந்தால்தான் அந்த நெகட்டிவை ஏற்கலாம். இதில் ஏன் இவ்வளவு கறார்? சிடி56 பாசிட்டிவாக, பார்க்கப் பயங்கரமாக இருந்தும் தானாகவே அடங்கிப்போகும் என்கே செல் பெருக்கம் ஒன்று குடலில் உண்டு. அதில் எபர் நெகட்டிவ். அதேபோல டி செல் விரிப்பு அடர்த்தியாக இருந்தும் கேஐ-67 10-க்குக் கீழே, சுரப்பிகள் உடையாமல் இருந்தால், மெதுவாகப் போகும் டி செல் வகையை நினையுங்கள். இவை இரண்டுக்கும் கடும் கீமோ தேவைப்படாது. டி செல் குளோன் (ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டம்) இருக்கிறது என்று மூலக்கூறு அறிக்கை வந்தாலும் கேஐ-67 ஸ்லைடை இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள்.

அறிக்கை, அப்புறம் மறு பயாப்ஸி

"சிடி10 பாசிட்டிவ்" என்பது அரை வாக்கியம்தான். எந்தச் செல், சவ்விலா உட்கருவிலா, எத்தனை சதவீதம், அழுத்தமா மங்கலா, உள் கன்ட்ரோல் வேலை செய்ததா என்பதையும் எழுதுங்கள். கன்ட்ரோல் தோற்ற ஸ்டெயினை "நெகட்டிவ்" என்று எழுதாமல் "படிக்க இயலவில்லை" என்றே எழுதுங்கள். சங்கடமாக இருக்கும், பரவாயில்லை.

மால்ட் நோயாளி கிருமி மருந்து முடித்துத் திரும்பி வரும்போது சிடி20 மறுபடி தேவைப்படும். சளிச்சவ்வு காலியாக, வெளிறிய நாராகத் தெரியும். அடியில் ஒன்றிரண்டு சின்னக் கூட்டங்கள் மிஞ்சியிருக்கலாம். சுரப்பியை உடைக்காத அந்தச் சின்னக் கூட்டத்தைப் பார்த்து, நோய் திரும்பிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். ரிட்டுக்சிமாப் வாங்கியவர் என்றால் இன்னொரு சிக்கல்: அந்த மருந்து குறிவைப்பதே சிடி20-ஐத்தான், அதனால் மிஞ்சிய பி செல்களில் சிடி20 மறைந்திருக்கலாம். அங்கே சிடி79ஏ அல்லது பேக்ஸ்5 போடுங்கள். போட்டுவிட்டு, அலமாரியிலிருந்து முதல் பயாப்ஸியின் ஸ்லைடுகளையும் எடுத்து வந்து, புதியதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.